முள்ளும் விளக்கும்: டர்போ எஞ்சினுக்கு மானி தேர்வதன் பின்னுள்ள வரலாறு

1928 மே 26 அன்று, பம்பாயிலிருந்து வந்த 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் கொச்சியின் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதுவரை பெருங்கப்பல்கள் கழிமுகத்து மணல்திட்டைத் தாண்ட இயலாமல் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் மிளகும் சுக்கும் படகேறிச் சென்றே கப்பலை அடைந்தன. 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் அத்திட்டு வெட்டப்பட்டது. அந்நாளைத் துறைமுகப் பொறியியலின் வெற்றியாகவே வரலாறு பதிந்துவைத்திருக்கிறது. கப்பலின் கொதிகலன் முன்னே நின்றவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த சிறு வட்டமுகத்துக்கு அப்பதிவில் இடமில்லை. இன்று கொச்சியில் பழைய கார் ஒன்றுக்கு டர்போ பொருத்தித் தம் கையால் சீரமைக்கும் ஒருவர் கடையில் தேடி வாங்கும் அழுத்தமானி, அவ்வட்டமுகத்தின் நேர்வழித் தோன்றல்.

மட்டாஞ்சேரிக்கு முள் புதிதன்று. மிளகு நிறுத்த தராசின் நடுவிலும் முள் உண்டு; தமிழில் அதற்கு 'நா' என்றும் பெயர். ஆனால் தராசின் நா, கண்ணெதிரே இருக்கும் இரண்டு பொருள்களை ஒப்பிட்டுச் சொல்வது. ஐயமிருந்தால் வாங்குபவர் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். கொதிகலனின் முள்ளோ இரும்புக்குள் அடைபட்ட, ஒருவராலும் பார்க்கவியலாத ஒன்றைப் பற்றிச் சாட்சி சொல்கிறது. அதை நம்புவது வேறுவகை நம்பிக்கை.

இம்முள்ளைச் சாத்தியமாக்கியவர் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் பூர்தோன். அவருக்கு முன்பு அழுத்தத்தை அளக்கப் பாதரசத் தம்பமே பெரிதும் நம்பப்பட்டது. ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 760 மில்லிமீட்டர் பாதரசம் வேண்டும். ஐந்துக்கு ஏறத்தாழ 3.8 மீட்டர். ஓடும் ரயில் எஞ்சினில் அவ்வளவு உயரக் கண்ணாடிக் குழாயை எங்கே நிறுத்துவது? நசுங்கிப்போன சுருள்குழாய் ஒன்றை நீரழுத்தத்தால் நிமிர்த்த முயன்றபோது குழாய் தானே சுருள் அவிழக் கண்டதாகப் பூர்தோன் பின்னர் விவரித்தார். அத்தற்செயலே 1849இல் காப்புரிமை ஆனது. தட்டையாக்கி வளைத்த உலோகக் குழாய், உள்ளே அழுத்தம் ஏற ஏறச் சற்றே நிமிர முயலும். அந்த நுண்ணிய அசைவைப் பற்சக்கரம் பெருக்கி முள்ளுக்குத் தரும். இன்று விற்கும் இயந்திரவகை மானிகளுள்ளும் பெரும்பாலும் இதே குழாய்தான். இந்தியக் கொதிகலன் சட்டம் வந்தது 1923இல். 

கார்களில் வரலாறு எதிர்த்திசையில் ஓடியது. தொடக்கக்காலக் கார்களின் முகப்புப் பலகையில் எண்ணெய் அழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் முட்கள் இருந்தன. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்குகளை வைத்தது. செலவு குறைவு, ஓட்டுநருக்குக் கவலையும் குறைவு. பொறியாளர்கள் அவற்றை ஏளனமாக 'மூடர் விளக்கு' என்றனர். ஏளனம் நியாயமானதே. எண்ணெய் விளக்கின் சுவிட்சு பொதுவாக 5 முதல் 7 பிஎஸ்ஐ அளவில்தான் எரியும். வேகமாகச் சுழலும் எஞ்சினுக்கோ ஒவ்வோர் 1000 சுழற்சிக்கும் 10 பிஎஸ்ஐ வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. 6000 சுழற்சியில் அழுத்தம் 60இலிருந்து 20க்கு விழுந்தாலும் விளக்கு மௌனமாகவே இருக்கும். அது எரியும்போது தாங்கிகள் தேய்ந்து முடிந்திருக்கும். இன்றைய பல கார்களின் வெப்பமுள்ளும் முள்வேடமிட்ட விளக்கே: குளிர்நீரின் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவில் அசையாமல் நிற்கும்படியே அது அமைக்கப்படுகிறது.

டர்போ வந்தபோது இந்த மௌனத்தின் விலை ஏறியது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து, பயணிகள் காருக்கு வந்தது 1962இல்தான். அவ்வாண்டு வெளிவந்த செவ்ரலே கோர்வேர் ஸ்பைடரில் அழுத்தமானி இருந்தது. உடன் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரின் கதைதான் பாடம். அதன் எஞ்சின், எரிபொருள் தானே வெடித்துத் தட்டுவதைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உறிஞ்சியது. திரவம் குறைந்தால் எச்சரிக்கும் ஏற்பாடும் உண்டு. ஆயினும் உரிமையாளர் பலர் அதை நிரப்பவில்லை. இறுதியில் பல கார்களில் டர்போவையே கழற்றிச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்தும்படி ஆயிற்று. தகவல் இருந்தது, அதைப் பார்க்கும் பழக்கம் உருவாகவில்லை.

இந்தியாவில் 1998இன் டாட்டா சஃபாரியும், 2007இல் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட்டுடன் வந்த ஸ்விஃப்ட் டீசலும் டர்போவை வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தன. அவற்றின் பலகையில் டர்போ அழுத்தத்துக்கு முள் இல்லை. தொழிற்சாலை வகுத்த எல்லைக்குள் ஓடும்வரை அது தேவையுமில்லை. எல்லையை உரிமையாளரே மாற்றும்போதுதான் தொழிற்சாலை மறைத்துவைத்த அறிவை அவர் வெளியே வாங்க நேர்கிறது. மாற்றத்துக்குச் சட்டத்தின் வரம்பும் உண்டு. வாகனத்தைத் தயாரிப்பாளர் வரையறைக்கு மாறாகத் திருத்த இயலாது என உச்ச நீதிமன்றம் 2019 சனவரி 9 அன்று தீர்ப்பளித்தது கேரளத்திலிருந்து சென்ற வழக்கில்தான். மானி, பதிவுச் சான்றின் விவரம் எதையும் மாற்றுவதில்லை. அது கண்காணிக்கும் எஞ்சின் மாற்றமே கேள்விக்குரியது.

எதை வாங்குவது? அழகான மூன்று வட்டங்களை வரிசையாக வைப்பதே பெருவழக்கு. அது ஆசையின் வரிசை, ஆபத்தின் வரிசையன்று. டீசலில் முதலிடம் வெளியேறு வாயுவின் வெப்பத்துக்கு உரியது. எரிபொருளைக் கூட்டினால் முதலில் ஏறுவது அதுவே. அதன் முன்னே நிற்பதோ அலுமினியக் கலவைப் பிஸ்டன். வெப்ப இரட்டையை டர்போவின் விசையாழிக்கு முன்னால் பொருத்த வேண்டும். பின்னால் பொருத்தினால் நூறு பாகைக்கும் மேலாகக் குறைத்துக் காட்டக்கூடும். பெட்ரோலில் முதலிடம் காற்று–எரிபொருள் விகிதத்துக்கு. இங்கும் விளக்கு–முள் வேறுபாடு திரும்ப வருகிறது: பழைய குறுவீச்சு ஆக்சிசன் உணரி, கலவை 14.7க்கு இப்பக்கமா அப்பக்கமா என்று மட்டுமே சொல்லும் விளக்கு. முழு அழுத்தத்தில் வேண்டிய 11.5–12.5 எல்லையைப் படிக்க அகலவீச்சு உணரியே வேண்டும். எண்ணெய் அழுத்தம் இரண்டுக்கும் பொது. இயந்திரவகை எண்ணெய் மானி நம்பகமானது, ஆனால் கொதிக்கும் எண்ணெயைச் சிறுகுழாயில் கால்மாட்டுக்கே கொண்டுவருகிறது, மின்வகையே மேல். ஆயினும் மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றில் மின்வகையின் பகை நிலமுனைக் கம்பி. அது துருப்பிடித்தால் முள் பொய் சொல்லும், அதுவும் உறுதியான குரலில். (அகராதியில் 'மானி' என்பதற்கு மானமுடையவர் என்றும் பொருள், பட்டறையில் 'மீட்டர்' என்பதால் இச்சிலேடை பிழைத்தது.)

டர்போ அழுத்தமானி கடைசியில் வரலாம். உச்சம் 1.2 பார் என்றால் 2 பார் முகம் போதும். மானியின் பிழை முழு அளவின் விழுக்காடாகக் குறிக்கப்படுவதால், 4 பார் முகத்தில் அதே விழுக்காடு இருமடங்குப் பிழையாகும். அலகும் குழப்பும். 1956இன் அளவைச் சட்டம் நாட்டை மெட்ரிக்குக்கு மாற்றிய பின்னும் இந்தியச் சக்கரங்களின் காற்று பிஎஸ்ஐயிலேயே பேசப்படுகிறது. ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. இதனினும் நுட்பமானது சுழிப்புள்ளி. கடைமானி சுற்றுக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தத்தையே காட்டும். எஞ்சின் கணினியின் உணரி முழு அழுத்தத்தை அளக்கும். கடல்மட்டக் கொச்சியில் மானி 1 பார் காட்டினால் எஞ்சினுக்குள் ஏறத்தாழ 2 பார். 1500 மீட்டர் உயர மூணாற்றில் சுற்றுக்காற்று 0.85 பாருக்கு அருகே இறங்கிவிடும். அங்கும் மானியில் 1 பார் வேண்டுமென்று திருகினால், அதே முள்நிலைக்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். முகப்பில் இரண்டு ஊரும் ஒன்றாகவே தெரியும்.