குரபாத்திக் காடும் ஊரார் சாட்சியமும்

பெலாருஸ் தலைநகர் மின்ஸ்க்கின் வடகிழக்கு விளிம்பில் இருக்கிறது குரபாத்தி என்னும் பைன் காடு. 1937 முதல் 1941 வரை சோவியத் இரகசியக் காவல்துறையான என்கேவிடி அங்கே மக்களைச் சுட்டுப் புதைத்தது என்று 1988 ஜூன் 3 அன்று ஓர் இலக்கிய வார இதழ் வெளியிட்டது. எழுதியவர்கள் தொல்லியலாளர் ஸியானோன் பஸ்னியாக், பொறியாளர் யவ்கென் ஷ்மிகல்யோவ். அவர்கள் முதலில் முன்வைத்த சான்று ஆவணமன்று. காட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் முதியவர்கள் சொன்னது. மூடுலாரிகள் வந்தன, உயரமான வேலி இருந்தது, துப்பாக்கி ஓசை கேட்டது.

வாய்மொழி நினைவு தளர்ந்தது, ஆவணமே உறுதியானது என்ற பழைய கொள்கையை இங்கே பிடித்துக்கொள்ள முடியாது. சுட்ட துறையிடமே ஆவணக் காப்பகத்தின் சாவியும் இருந்தது.

சோவியத் பெலாருஸின் பொது நினைவு முழுவதும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை மையமாகக் கொண்டது. 1943 மார்ச் 22இல் 149 பேரோடு எரிக்கப்பட்ட ஹாத்தின் ஊருக்கு 1969இல் பெரும் நினைவகம் எழுந்தது. அந்தக் கொடுமை உண்மை. அந்தத் துயரமும் உண்மை. ஆனால் குரபாத்தியில் எலும்புகள் வெளிப்பட்டதும், அவையும் நாஜிகளின் செயலே என்று வாதிட அந்த உண்மையே பயன்பட்டது. ஒரு துயரத்தை இன்னொன்றுக்கு மூடியாக்கிய இச்செயலைத்தான் நான் மன்னிக்க முடியாததாகக் கருதுகிறேன்.

ஊராரின் பேச்சில் இதற்கு விடை இருந்தது. அவர்கள் ஆண்டுக்கணக்கு சொல்லவில்லை, ‘போருக்கு முன்’ என்றார்கள். அங்கே போர் தொடங்கியது 1941 ஜூன் 22. மின்ஸ்க் வீழ்ந்தது ஜூன் 28. எனவே அந்த இரண்டு சொற்கள், ஜெர்மானியர் எவரும் அங்கே கால்வைக்காத காலத்தைக் குறிக்கின்றன. நாட்காட்டி பார்க்காத நினைவு, தேதியைப் பிழையின்றித் தந்தது. 1988இல் நடந்த அகழாய்வு அதை உறுதி செய்தது: மண்டையோடுகளில் குண்டுத் துளைகள், சோவியத் நாகந்த் கைத்துப்பாக்கியின் தோட்டாக் கூடுகள், 1930களின் முத்திரை பதிந்த ரப்பர் மேற்காலணிகள்.

எண்ணிக்கையில் மட்டும் இந்த நினைவை நம்பக்கூடாது. அரசு ஆணையம் 30,000 பேருக்குக் குறையாது என்றது. பஸ்னியாக் தரப்பின் மதிப்பீடு இரண்டு இலட்சத்தையும் தாண்டியது. இரவில் கேட்ட வெடிகளிலிருந்து பிணங்களை எண்ணச் சொல்வது சாட்சிக்கு வைக்கும் பொறி. எப்போது, எங்கே, யாரால் என்ற மூன்றுக்கும் ஊரார் விடை தந்துவிட்டார்கள். எத்தனை பேர், எவரெவர் என்பதற்கு விடை சொல்ல வேண்டியது காப்பகம். குரபாத்தியில் கிடப்போரின் பெயர்ப் பட்டியல் இன்றுவரை வெளியாகவில்லை.