ரேகைச் சட்டம் போனது, பட்டியல் போகவில்லை

"ஊர்ல எங்க திருட்டு நடந்தாலும் மொதல்ல எங்க வூட்டுக் கதவத்தான் தட்டுறாங்க. நான் திருந்தி என்னக்கா ஆவப்போவுது?"

வில்லியனூர் பக்கத்துச் சேரி ஒன்றில் இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவன் என்னிடம் கேட்டது. பதினெட்டு வயதில் ஓர் அடிதடி. குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று மாதம் சிறையில் இருந்தான். அடிபட்டவனும் நம் தெருப் பையன்தான். அந்த வலியை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தண்டனை முடிந்த பிறகும் அவன் பெயர் பட்டியலில் இருக்கிறது.

'குற்ற மனப்பான்மையை மாற்றுவது எப்படி' என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். குற்றத்தைப் பிறப்போடு முடிச்சுப் போட்ட மனப்பான்மை யாருடையது? வரலாறு பதில் வைத்திருக்கிறது.

1871-ல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் வட இந்தியாவுக்கு மட்டும். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தாரா என்ற கேள்வியே இல்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்பதே போதும். பதிவேட்டில் பெயர், கைரேகை, ஊரைத் தாண்ட அனுமதிச் சீட்டு. மதுரைப் பக்கம் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

இது கள்ளர்களின் வரலாறு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். குறவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். தென்னார்க்காட்டு வேப்பூர் பறையர்களும் இருந்தார்கள். அதே மாவட்டத்தில் அஜீஸ் நகர் என்ற செட்டில்மெண்டையும் அரசு நடத்தியது. அந்த மாவட்டத்தின் தலைநகர் நம் பாகூரை ஒட்டியிருக்கும் கடலூர்தான்.

பாகூரும் வில்லியனூரும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. அந்தப் பிரான்சோ 1885 மே 27 அன்று, திரும்பத் திரும்பத் தண்டனை பெற்றவர்களைக் கயானா, நியூ கலிடோனியா தீவு என்று ஆயுளுக்கும் கடல் கடத்தும் சட்டத்தை இயற்றியது. ஒருவர் பிறப்பைப் பார்த்தார், மற்றவர் தண்டனைகளை எண்ணினார். 'இவன் திருந்தமாட்டான்' என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

ரேகைச் சட்டம் என்ன சாதித்தது? குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாவது தண்டனைக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, மூன்றாவதற்கு ஆயுளுக்கும் நாடுகடத்தல். 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் அதிகாரம் இருந்தது. சீட்டு இல்லாமல் வேலை தேடிப் போவதே குற்றமானது. பிழைக்கும் வழியை அடைத்துவிட்டு, அந்த அடைப்பை மீறியதையும் குற்றக் கணக்கில் ஏற்றினார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-லும் சட்டம் ஒழிந்தது. ஆனால் 1948-லேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. 'பரம்பரை' போய் 'வழக்கம்' வந்தது. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிக் கலத்தை நீக்கச் சொல்ல, 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

சட்டத்திலேயே வேறு வழியும் இருக்கிறது. 1958-ன் நன்னடத்தைச் சட்டம் பிரிவு 6-ஐப் படியுங்கள். ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றங்களில், 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்க வேண்டும். சிறைதான் என்றால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் தகுதியிழப்பு வராது என்கிறது பிரிவு 12. சிறார்களுக்கு 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 24 பொதுவாக இதே பாதுகாப்பைத் தருகிறது.

அந்தத் தம்பிக்குப் பதினெட்டு வயதில் இதையெல்லாம் கேட்க யாரும் இல்லை. நம் தெருப் பையன் அடுத்த முறை கோர்ட் படி ஏறும்போது, சட்டம் படிக்கும் தோழர் ஒருவர் கூடப் போங்கள். "அறிக்கை கேட்டீர்களா?" என்று வக்கீலிடம் கேளுங்கள். திருந்தினால் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவன்தான் திருந்துவான்.

ஜெய்பீம்.