வழுக்கையை வென்றதா மருந்து?

சென்ற ஆண்டு ஒரு நாள், ஆய்வகக் குறிப்பேட்டில் கையெழுத்து வாங்க வந்த மாணவன் ஒருவன் மற்றவர்கள் போகும்வரை காத்து நின்றான். கலசப்பாக்கத்துப் பையன், தந்தை ஆரணிப் பட்டு நெய்பவர். பையிலிருந்து பிரிக்காத புட்டி ஒன்றை எடுத்து, "சார், இது உண்மையிலேயே வேலை செய்யுமா?" என்றான். முடி கொட்டுவதைத் தடுக்கும் திரவம். அதற்கு அப்பாவின் இரண்டு நாள் தறிக்கூலி போயிற்றாம்.

இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆயினும், ஒன்று வேலை செய்கிறது என்பதை எவ்வாறு அறிவது என்ற கேள்வி, அளவைகளோடு பழகும் எவருக்கும் உரியதே. வழுக்கை மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கேள்வியின் வரலாறுதான்.

கொழுப்பும் எண்ணெயும்

கி.மு. 1550ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, வழுக்கைக்குச் சிங்கம், நீர்யானை, முதலை முதலியவற்றின் கொழுப்பைத் தடவச் சொல்கிறது. நம் வீடுகளில் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சுகிறோம். எண்ணெயால் பயனே இல்லையா? உண்டு. தேங்காய் எண்ணெய் முடியினுள் ஊடுருவி, அதிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று மும்பை ஆய்வாளர்கள் 2003இல் காட்டினர். ஆனால் தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற பொருள். அதைக் காப்பது வேறு. தோலினுள் இருக்கும் மயிர்க்காலை இயக்குவது வேறு.

தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, பின் உதிர்கிறது. நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. வழுக்கையில் நடப்பது என்ன? மயிர்க்கால்கள் சிறுத்துக்கொண்டே போய், பூனைமயிரை மட்டும் விளைவிக்கின்றன.

காரணம் கண்டவர்

விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸ் அன்றே குறித்தார். 1942இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் இதை முறையாக ஆராய்ந்தார். இளமையிலேயே விரைகளை இழந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொடுத்தபோது, வழுக்கைப் பரம்பரையில் வந்தவர்களுக்கு வழுக்கை விழத் தொடங்கிற்று. ஆகவே ஹார்மோனும் பரம்பரையும் கூடினால்தான் வழுக்கை என்பது தெளிவாயிற்று.

தற்செயலாய்க் கிடைத்தது

அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் உருவாக்கிய மினாக்சிடில், இரத்தக் குழாய்களை விரிவாக்கி இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மருந்து. அதை உண்ட நோயாளிகளின் முகத்திலும் கைகளிலும் முடி வளர்ந்தது! பக்க விளைவே பயனாக மாறியது. 1979இல் மாத்திரையாகவும், 1988இல் தலையில் தடவும் 2 விழுக்காட்டுத் திரவமாகவும் அமெரிக்க அரசு அதை ஏற்றது.

இங்குதான் எண்ணிக்கை நுழைகிறது. ஒரு சாராருக்கு மருந்தும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் திரவமும் கொடுத்தார்கள். எவருக்கு எது என்பதை மறைத்தார்கள். நான்கு மாதம் கழித்து, மருந்து தடவியவர்களில் சுமார் 26 விழுக்காட்டினர் நன்றாக முடி வளர்ந்ததாகக் கூறினர். வெறும் திரவம் தடவியவர்களில் 11 விழுக்காட்டினரும் அவ்வாறே கூறினர்! இந்த 11ஐக் கழித்த பிறகு மிஞ்சுவதே மருந்தின் உண்மையான வலிமை. தடவுவதை நிறுத்தினால், சில மாதங்களில் பலனும் போய்விடும்.

இரண்டாவது மருந்து

1974இல் இம்பராட்டோ-மக்கின்லி என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவினரும், டொமினிக்கன் குடியரசின் ஒரு சிற்றூரில் பிறவியிலேயே ஒரு நொதி குறைந்த குடும்பங்களைப் பற்றி எழுதினர். டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுவது அந்த நொதி. அது குறைந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது. முன்நெற்றி முடியும் பின்வாங்கவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடை மெர்க் நிறுவனம் உருவாக்கிற்று. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் 1 மில்லிகிராம் அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஈராண்டுச் சோதனையில், மருந்து உண்டவர்களில் 83 விழுக்காட்டினருக்கு முடியின் எண்ணிக்கை குறையவில்லை. வெற்று மாத்திரை உண்டவர்களில் 28 விழுக்காட்டினருக்கே அப்படி.

விலையும் உண்டு

பலன் தரும் மருந்துக்குத் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு. மினாக்சிடில் தோலில் அரிப்பையும், சிலருக்குப் படபடப்பையும் தரலாம். 2019இல் ஸ்பெயினில் குழந்தைகளுக்கான வயிற்று அமில மருந்தென்று தவறுதலாக மினாக்சிடில் வழங்கப்பட்டதால், பல குழந்தைகளின் உடலெங்கும் முடி முளைத்தது. ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கிறது. தற்கொலை எண்ணமும் அதன் பக்க விளைவு என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிப்படுத்தியது. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. ஆண் கருவின் வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று நம் நாட்டு மருந்து விதிகளில் உண்டு. 'ஜே' அட்டவணை என்பது அதன் பெயர். வழுக்கையும் அதில் இடம்பெற்றுள்ளது. விளம்பரங்களைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

புட்டி என்னவாயிற்று?

மாணவனிடம், புட்டியைப் பிரிக்காமல் அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அண்மையில் காய்ச்சல் வந்ததா?" என்பதுதான். மூன்று மாதங்களுக்கு முன் அவன் டைபாய்டில் படுத்திருந்தான். கடும் காய்ச்சலுக்குப் பின் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வதும், பின் தானாகவே வளர்வதும் மருத்துவர்கள் நன்கறிந்தவை. அது வழுக்கை அன்று. நன்றாகச் சாப்பிட்டுப் பொறுத்திருக்கச் சொல்லி அனுப்பினார்.

ஆறு மாதத்தில் முடி திரும்பிற்று. புட்டி பிரிக்கப்படவே இல்லை. அவன் அதைத் தடவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முடி அப்போதும் வளர்ந்திருக்கும். பெருமை முழுதும் புட்டிக்குப் போயிருக்கும். அவன் சொல்லக் கேட்டு அவன் நண்பர்களும் ஆளுக்கொரு புட்டி வாங்கியிருப்பார்கள்.