சாவா மூவாப் பேராடு: கொடையின் மறுபக்கம்

சொத்துள்ள குடும்பங்கள் தங்கள் தர்மத்தைப் பேரன் பேத்தி காலத்துக்கும் நிலைக்கச் செய்வது எப்படி என்று ஆலோசனை சொல்ல இன்று வக்கீல்களும் கணக்கர்களும் இருக்கிறார்கள். ஏதோ புதுசு மாதிரிப் பேசுகிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் இந்தத் திட்டமிடல் அப்போதே முற்றுப்பெற்றுவிட்டது தெரியும். 'சந்திராதித்தவல்' என்ற ஒரே சொல்லில் காலம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

நந்தா விளக்கு ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள். சில ஊர்களில் 90. ஆடுகள் இடையர் வசம் விடப்படும். அவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி என்றால் 360 நாளைக்கு 90 நாழி. ஆட்டுக்கு வருஷம் ஒரு நாழி நெய் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாதா? சாகும், கிழடாகும். எண்ணிக்கைதான் சாகக்கூடாது. விழுந்த ஆட்டின் இடத்தில் குட்டி நிற்கணும். மழை பொய்த்தாலும் நோய் விழுந்தாலும் உழக்கு உழக்குதான்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. 96 ஆட்டுக்கு 48 பசு ஈடு, அல்லது 16 எருமை. நெய் அளக்கக் கடமைப்பட்டவர் இடையர் மட்டுமல்ல. அவர் உறவுமுறையார், அந்த உறவுமுறையாரின் உறவுமுறையார். தலைமுறை தாண்டிய கொடை என்றால் என்ன என்பது இங்கேதான் எனக்குப் பிடிபடுகிறது. கொடுத்தவர் வம்சத்துக்குப் புண்ணியம், வாங்கியவர் வம்சத்துக்குப் பிணை. இடையர்களின் பெயரும் ஊரும் தஞ்சைக் கல்லில் வரிசையாக உண்டு. ஆனால் அந்தப் பெயர்கள் வரலாற்றுக்குள் நுழைந்தது கடனாளிகளாக.

கோயிலைப் பொருளாதார நிறுவனமாக பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல் வாசித்தார். கொடை, மரியாதையாகத் திரும்பி வருவதை அப்பாதுரையும் பிரெக்கன்ரிட்ஜும் 1976இல் விளக்கினார்கள். இரண்டும் பயனுள்ள வாசிப்புகளே. கொடுப்பவருக்கும் கோயிலுக்கும் இடையிலான போக்குவரத்தை அவை நன்றாகக் காட்டுகின்றன. நெய் கடைகிற கைதான் அங்கே மங்கலாகிவிடுகிறது.

மிச்சக் குட்டியும் பாலும் இடையருக்குத்தானே, முதல் கொடுத்து வட்டி வாங்குவதுபோலத்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். நல்ல வருஷத்தில் ஆமாம். கெட்ட வருஷத்தின் நஷ்டம் யார் தலையில்? வேட்டையில் தவறுதலாக மனிதனைக் கொன்றவர் பரிகாரமாக விளக்கு வைத்த கல்வெட்டுகள் உண்டு. அம்பு எய்தவர் ஆடுகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கொலைக்குச் சம்பந்தமே இல்லாத இடையர் வீடு தினமும் நெய் அளந்தது. பாவம்கூடக் கைமாறுகிறது, உழைப்பாக.

1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 'பரம்பரை அறங்காவலர்' என்ற வகை உண்டு. கட்டளையை நிறுவியவர் வகுத்தபடியோ வழக்கப்படியோ பதவி வாரிசுக்குப் போகலாம். நிர்வகிக்கும் பரம்பரைக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. விளக்கை எரியவைத்த பரம்பரைக்கு அப்படியொரு பெயர் இல்லை.

ஆகவே, எந்த நிரந்தர அறக்கட்டளையின் சாசனத்தையும் நாம் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது: கொடுத்தவர் யார் என்று ஒருமுறை, கொடுத்துக்கொண்டே இருக்கும்படி யார் கட்டப்பட்டார் என்று மறுமுறை.