ஆசியாவைக் கண்ட பயணியும் நம் அண்ணாமலை நகரும்



இன்று நம் மஹல்லாக்களில் பயணம் என்பது சாதாரணமான ஒன்றாகிவிட்டது. உம்ராவுக்குச் செல்வோர், உறவினரைக் காண மலேசியா, சிங்கப்பூர் செல்வோர், பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் எனப் பலரும் உள்ளனர். பயண முகவர்களின் துண்டுப் பிரசுரங்களில் புனித ஹரம்களுடன் இஸ்தான்புல், சமர்கந்து போன்ற நகரங்களும் இடம்பெறுகின்றன. ஆசியாவில் காணத்தக்க இடங்கள் எவை என்று இளைஞர்கள் ஆர்வத்துடன் கேட்கின்றனர்.

இக்கேள்விக்கு ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக விடை எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் மொராக்கோ நாட்டு மார்க்க அறிஞரான இப்னு பதூதா. அவர் நம் தமிழகத்துக்கும் வந்தார். நம் திருவண்ணாமலையில் வீற்றிருந்து ஆண்ட ஒரு மன்னரின் துயர முடிவை உலகறியச் செய்தவரும் அவரே. ஆகவே அவருடைய பயணம் நமக்குத் தொலைதூரத்துக் கதையன்று. அதில் நம் ஊரின் வரலாறும் அடங்கியுள்ளது. நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய ஒரு பாடமும் அடங்கியுள்ளது.

தாஞ்சியரிலிருந்து தில்லி வரை

இப்னு பதூதா 1304-ஆம் ஆண்டு தாஞ்சியர் நகரில் பிறந்தார். ஹிஜ்ரி 725, அதாவது 1325-இல், தமது 21-ஆம் வயதில் ஹஜ் கடமையை நிறைவேற்றும் நிய்யத்துடன் தனியாகப் புறப்பட்டார். ஹஜ்ஜுக்குப் பின்னரும் அவருடைய பயணம் நிற்கவில்லை. திமிஷ்க் நகரின் உமையாக்களின் பெரிய பள்ளிவாசல், பக்தாது, இஸ்ஃபஹான், ஷீராஸ், அன்று கிறிஸ்தவப் பேரரசின் தலைநகராயிருந்த கான்ஸ்டாண்டிநோபிள், புகாரா, சமர்கந்து எனக் கண்ட நகரங்களையெல்லாம் அவர் வருணித்துள்ளார். மங்கோலியர் படையெடுப்பால் பாழடைந்த நகரங்களைக் கண்டபோது அந்தப் பாழையும் மறைக்காமல் எழுதினார்.

1333-இல் சிந்து நதிக்கரையை அடைந்து பின்னர் தில்லிக்கு வந்தார். சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைத் தலைநகரில் காஜியாக நியமித்தார். குதுப் மினாரையும் அதனருகே நிற்கும் பழைய இரும்புத் தூணையும் அவர் வியந்து எழுதியுள்ளார். பின்னர் சீனப் பேரரசருக்குச் சுல்தான் அனுப்பிய தூதுக்குழுவுக்குத் தலைவரானார். கள்ளிக்கோட்டைத் துறையில் கப்பல்கள் புயலில் சிக்கிச் சிதைந்தன. தூதுப் பணியும் அத்துடன் குலைந்தது. மாலத்தீவுக்குச் சென்று அங்கும் காஜியாகப் பணியாற்றினார்.

பாவா ஆதம் மலை

1344-இல் அவர் இலங்கையை அடைந்தார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை அன்புடன் வரவேற்றார். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு உள்ளதாக நம்பப்படும் மலையை ஜியாரத் செய்ய விரும்புவதாக அவர் கூறினார். நம்மவர் அதனைப் பாவா ஆதம் மலை என்பர். அதே சுவட்டைச் சைவர்கள் சிவனொளிபாதம் என்றும் பௌத்தர்கள் புத்தரின் திருப்பாதம் என்றும் போற்றுகின்றனர். 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு இன்றும் பல சமயத்தாரும் ஏறுகின்றனர்.

மன்னர் அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் தந்தனுப்பினார். அக்குழுவில் நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் இருந்தனர். ஒரு முஸ்லிம் காஜி யோகிகளுடனும் பிராமணர்களுடனும் வழிநடந்து, ஒரே மலையை நோக்கிச் சென்றார் என்பது நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. பாறையில் பிடித்தேறப் பத்துச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவது சங்கிலிக்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயர். அவ்விடத்திலிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவை மொழிவதால் அப்பெயர் வந்ததாம்.

அண்ணாமலையில் அமர்ந்த வல்லாள மன்னர்

இங்கே நம் ஊரின் பக்கம் சற்றுத் திரும்புவோம். கர்நாடகத்தின் துவாரசமுத்திரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள் ஹொய்சளர்கள். அந்நகரே இன்றைய ஹளேபீடு. அவ்வமிசத்தின் மூன்றாம் வீரவல்லாளர் காலத்தில், 1311-இல் மாலிக் காஃபூரின் படையும் 1327 அளவில் துக்ளக் படையும் அந்நகரைத் தாக்கின. அதன்பின் மன்னர் தம் இருப்பிடத்தைத் தெற்கே மாற்றிக்கொண்டு திருவண்ணாமலையில் தங்கி ஆட்சி செய்தார். உண்ணாமலைப்பட்டணம் என்று அக்காலத்தில் வழங்கியது நம் ஊரே. அண்ணாமலையார் கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரம் என்று இன்றும் அழைக்கப்படும் கோபுரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிழக்கே 217 அடி உயரத்தில் நிற்கும் இராஜகோபுரம் பின்னாளில் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரால் தொடங்கப்பட்டது.

அதே காலத்தில் மதுரையில் வேறொரு அரசு தோன்றியது. தில்லி சுல்தானின் ஆளுநராயிருந்த ஷரீஃப் ஜலாலுத்தீன் அஹ்சன், 1335 அளவில் தில்லியின் கட்டுப்பாட்டிலிருந்து விலகித் தம்மையே சுல்தானாக அறிவித்துக்கொண்டார். அரபு நூல்கள் இந்நாட்டை மஅபர் என்று குறிப்பிடும். அந்த ஜலாலுத்தீனின் மகளைத்தான் இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார். மற்றொரு மகளை மணந்தவர் பின்னர் மதுரை சுல்தானான கியாசுத்தீன் தாமகானி. ஆக, மதுரை சுல்தானும் நம் பயணியும் சகலைகள் ஆவர்.

கண்ணனூர்க் கொப்பத்துப் போர்

1342-இல் வல்லாள மன்னர் மதுரைப் படையை எதிர்த்துச் சென்று, திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டார். அப்போது அவருக்கு 80 வயது கடந்திருந்தது என்கிறார் இப்னு பதூதா. மன்னரிடம் ஒரு இலட்சம் வீரர்களும், அவர்களுக்கு மேலாக 20,000 முஸ்லிம்களும் இருந்தனர் என்றும், சுல்தானிடம் 6,000 பேரே இருந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். அந்த முஸ்லிம்களை ஓடிவந்த அடிமைகள் என்றும் குற்றவாளிகள் என்றும் அவர் இகழ்ந்தே பேசுகிறார். எனினும் உண்மை உண்மையே. அண்ணாமலை மன்னரின் கொடியின்கீழும் முஸ்லிம்கள் நின்றனர். இதனை இரு மதங்களுக்கிடையே நடந்த போர் என்று கூறுவோர் இந்தச் செய்தியை மறந்துவிடுகின்றனர். நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் நடந்த போர்களுள் இதுவும் ஒன்று.

முற்றுகை பல மாதங்கள் நீடித்தது. கோட்டையில் 14 நாட்களுக்கான உணவே மீதமிருந்தது. சரணடைந்தால் உயிருக்குப் பாதுகாப்பு அளிப்பதாக மன்னர் கூறினார். எங்கள் சுல்தானிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று உள்ளிருந்தோர் தவணை கேட்டனர். மன்னரும் அதற்கு இசைந்தார். அத்தவணைக்குள் மதுரையிலிருந்து படை வந்தது. நண்பகல் ஓய்வு வேளையில், குதிரைகள் மேய்ச்சலுக்குச் சென்றிருந்தபோது, பாசறை தாக்கப்பட்டது. முதிய மன்னர் சிறைப்பட்டார்.

சுல்தான் அவரை முதலில் மரியாதையாக நடத்துவதுபோல் நடத்தி, அவருடைய செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்டார். பின்னர் அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார்.

கேட்டதும் கண்டதும்

நம் மத்ரஸாக்களில் ஹதீஸ் கலையைக் கற்பிக்கும்போது, அறிவிப்பாளர் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று பிரித்து நோக்கக் கற்றுத் தருகின்றனர். அவ்வளவுகோலை இங்கும் வைத்துப் பார்க்கலாம். போர் நடந்தபோது இப்னு பதூதா தமிழகத்தில் இல்லை. எனவே படைகளின் எண்ணிக்கை அவர் கேட்டறிந்தது; மிகைப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் இலங்கையிலிருந்து வந்த கப்பல் சேதமுற்று அவர் இக்கரையில் இறங்கி, மதுரைக்கு வந்தபோது, மதிலில் தொங்கிய அந்த உடலை அவரே கண்டார். அது கண்சாட்சி.

அதற்கு மேலும் அவர் சொல்கிறார். சுல்தானின் படை காட்டு வழியே சென்றபோது பிடிபட்ட இந்துக்களைக் கழுமரத்தில் ஏற்றிக் கொன்றதையும், அவர்களுடைய மனைவி மக்களையும் விடாமல் கொன்றதையும் எழுதுகிறார். தாம் சுல்தானுடன் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் ஒரு கைதியும் அவன் மனைவியும் ஏழு வயதுச் சிறுவனும் கொல்லப்பட்டதையும், தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் எழுதுகிறார். இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசரிடமும் தாம் கண்டதில்லை என்றும், அதனாலேயே இறைவன் அவருக்கு விரைவில் முடிவைத் தந்தான் என்றும் தீர்ப்புக் கூறுகிறார்.

இவ்வாறு எழுதியவர் யார்? சுல்தானின் பகைவரல்லர். அவருடைய சகலை, அவர் வீட்டு உப்பைத் தின்ற விருந்தாளி, ஒரு காஜி. உறவும் மதமும் ஒன்றே என்பதற்காக அநீதியை அவர் நியாயப்படுத்தவில்லை. அவர் குறையற்றவர் என்பதும் நம் கருத்தன்று. மாலத்தீவின்மீது படை அனுப்புமாறு அதே சுல்தானிடம் திட்டம் கொடுத்தவரும் அவரே. அவருடைய பயண விவரங்கள் சிலவற்றை ஆய்வாளர்கள் ஐயுறுவதும் உண்டு. ஆயினும் இவ்விஷயத்தில் அவர் பேனா நேர்மையாக நின்றது.

மதுரையில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. சுல்தானின் மகனும் மனைவியும் தாயும் மாண்டனர்; சுல்தானும் மாண்டார். இப்னு பதூதாவுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. இந்நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் புளியை நீரில் கரைத்துக் குடித்ததாகவும், மூன்று நாள் வயிறு கழிந்து, அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்ததாகவும் அவர் எழுதுகிறார்.

கீழை நாடுகளும் திமிஷ்க் நகரும்

பின்னர் அவர் வங்காளத்தில் ஷா ஜலால் (ரஹ்) அவர்களைச் சந்தித்து, சுமத்ரா வழியாகச் சீனத்தின் ஜைத்தூன் துறைமுகத்தை அடைந்தார். அதுவே இன்றைய சுவான்சௌ. ஏறத்தாழ நூறு பெருங்கப்பல்களை அங்குக் கண்டதாக எழுதுகிறார். அவ்வூரில் 1009-இல் எழுப்பப்பட்ட பழமையான பள்ளிவாசல் உள்ளது. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலின் சிற்பங்களும் அங்கே கிடைத்துள்ளன. பல நாட்டு மக்கள் கலந்து வாழ்ந்த அந்நகரை யுனெஸ்கோ 2021-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

திரும்பும் வழியில், 1348-இல், திமிஷ்கில் பிளேக் நோயின் கொடுமையை அவர் கண்டார். மூன்று நாள் நோன்புக்குப் பின் முஸ்லிம்கள் குர்ஆனைச் சுமந்தும், யூதர்கள் தவ்ராத்தைச் சுமந்தும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலைச் சுமந்தும் ஒன்றாக நடந்து இறைவனிடம் இறைஞ்சினர். 1355-இல் அவருடைய நினைவுகள் இப்னு ஜுஸய் என்ற அறிஞரால் நூலாக எழுதி முடிக்கப்பட்டன. மதுரை மதிலும் திமிஷ்க் வீதியும் ஒரே நூலில் இடம்பெற்றன.

நாம் பெறும் படிப்பினை

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி திருமறை நம்மைத் தூண்டுகிறது. கட்டடங்களைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், அவற்றைக் கட்டியவர்களும் இடித்தவர்களும் என்ன ஆனார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே அதன் கருத்து. வல்லாளர் மறைந்த சில ஆண்டுகளில் ஹொய்சள அரசு முடிந்தது. மதுரை சுல்தான்களின் அரசும் அரை நூற்றாண்டைக் கூடத் தாண்டாமல் விஜயநகரப் படையால் வீழ்ந்தது.

வல்லாள மன்னரின் கதையைச் சிலர் நம் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்கச் சொல்கின்றனர். நம்மவருள் சிலர் அப்படி எதுவும் நடக்கவில்லை என மறுக்கின்றனர். வேறு சிலர் பழைய வெற்றி என்று பெருமை பேசவும் துணிகின்றனர். இம்மூன்றும் தவறு. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இறந்தவரின் உடலைச் சிதைப்பதையும் தடுத்துள்ளார்கள். அதற்கு முஸ்லா என்று பெயர். எனவே அந்தச் சுல்தானின் செயலை மார்க்கத்தின் கணக்கில் எழுத எவருக்கும் உரிமை இல்லை. அதனை மறைப்பதும் நம் கடமையன்று. நம் அறிஞர் ஒருவரே அன்றே அதனைக் கண்டித்து எழுதிவிட்டார்.

நம் ஊர் இந்துப் பெருமக்களும் அம்மன்னரைப் பகையோடு நினைவுகூரவில்லை. பிள்ளைப்பேறு இல்லாத வல்லாளருக்கு இறைவனே மகனாக நின்று திதி கொடுப்பதாக நம்பி, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அச்சடங்கை நடத்துகின்றனர். அது அவர்களின் சமய வழக்கு. நம் கொள்கை வேறு. ஆயினும் தோலுரித்துத் தொங்கவிடப்பட்ட ஒரு முதியவரின் நினைவை, பழிவாங்கும் எண்ணமாக மாற்றாமல், ஒரு மகனின் கடமையாகக் காத்துவரும் பண்பை நாம் மதிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைப்பாதையைச் சுற்ற வெளியூர்களிலிருந்து மக்கள் திரள்கின்றனர். வெளிநாட்டவரும் வருகின்றனர். நாம் பயணம் செல்லும் நகரங்களில் எத்தகைய வரவேற்பை விரும்புகிறோமோ, அதனை அவர்களுக்கு நம் கடைகளிலும் வாகனங்களிலும் தெருக்களிலும் நாம் வழங்க வேண்டும். குடிக்கத் தண்ணீர், நியாயமான விலை, வழி கேட்பவருக்குச் சரியான வழி ஆகியவை போதும். இப்னு பதூதா போன்ற ஒருவர் இன்று நம் ஊருக்கு வந்து, தாம் கண்டதைக் கண்டவாறே எழுதினால், அதில் நம் ஜமாஅத்தைப் பற்றி என்ன வரி இருக்கும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.

நீதியுடன் பேசவும், பயணங்களிலிருந்து படிப்பினை பெறவும், அண்டை வீட்டாருடன் நலமே வாழவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.