மீன் தலையும் எலும்பும் குப்பைக்கா? புரதத்தை மீட்டெடுக்கும் நொதிகள்

மீன் தலைக்கறி என்றாலே நாக்கில் எச்சில் ஊறுதா? நம்ம ஊரில் மீன் தலைக்குத் தனி மவுசுதான்.

ஆனால் சதைத் துண்டுகளை மட்டும் வெட்டிப் பொட்டலம் போடும் ஆலைகளில் கதை வேறு. தலை, முதுகெலும்பு, தோல், குடல் எல்லாம் மிஞ்சிவிடும். சில மீன்களில் மொத்த எடையில் பாதிக்கும் மேல் இப்படி ஒதுக்கப்படுகிறது.

அதில் நல்ல புரதம் இருக்கிறது. எலும்போடு ஒட்டிய சதையைக் கத்தியால் முழுசா எடுக்க முடியாது. அங்கேதான் நொதிகள் கைகொடுக்கின்றன.

நொதி என்ன செய்யும்?

பப்பாளிக்காய்த் துண்டு போட்டால் கறி சீக்கிரம் மெத்தென்று வெந்துவிடும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. பப்பாளிப் பாலில் உள்ள பப்பெய்ன் எனும் நொதியின் வேலை அது. அன்னாசிப்பழத்தில் இருக்கும் புரோமெலைனும் அதே ரகம்.

இவை கத்தரிக்கோல் மாதிரி. நீளமான புரதச் சங்கிலியைப் பெப்டைட் எனும் சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. அந்தத் துண்டுகள் நீரில் எளிதில் கரையும். பாக்டீரியாவிலிருந்து தயாராகும் அல்கலேஸ் எனும் நொதியையும் ஆலைகள் பயன்படுத்துகின்றன.

ஆலையில் எப்படி நடக்கிறது?

1. மிச்சங்களை அரைத்து நீர் சேர்ப்பார்கள்.
2. நொதியைக் கலந்து, பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் கிளறுவார்கள்.
3. பிறகு 85 முதல் 95 டிகிரி வரை சூடேற்றுவார்கள். நொதி செயலிழந்துவிடும்.
4. வேகமாகச் சுழற்றினால் எண்ணெய், புரதம் கரைந்த நீர், எலும்புக் கசடு எனத் தனித்தனியாகப் பிரியும்.

புரத நீரை உலர்த்தினால் தூள் தயார். நார்வேயில் சால்மன் மீனின் தலையும் எலும்பும் இப்படிப் பயன்படுகின்றன. கடைகளில் பார்க்கும் மீன் கொலாஜன் பெப்டைட் தூளும் தோல், செதிலில் உள்ள புரதத்தை வெட்டித் தயாரிப்பதுதான்.

இது புதுசா?

அடிப்படை பழசுதான். கிளந்தான் மாநிலத்தின் புடு தெரியுமா? நெத்திலியோடு உப்பைக் கலந்து பல மாதம் ஊறவைப்பார்கள். மீனில் இயல்பாகவே உள்ள நொதிகள் சதையைக் கரைக்கும். உப்பு அது கெட்டுப்போகாமல் காக்கும். ஆலையில் அதே கரைப்பு சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

சிக்கல் என்ன?

• கசப்பு: புரதத்தை வெட்டும்போது சில பெப்டைட்கள் கசக்கும். எந்த நொதி, எவ்வளவு நேரம் என்பதைக் கவனமாக முடிவுசெய்ய வேண்டும்.
• புதுமை: மீன் மிச்சம் சீக்கிரம் கெட்டுவிடும். வெட்டியதுமே குளிரூட்டாவிட்டால் மனிதர் உண்ணும் தரம் போய்விடும். பிறகு அது தீவனத்துக்கோ உரத்துக்கோதான் போகும்.
• செலவு: நொதியும் விலை, உலர்த்த ஆகும் மின்சாரமும் விலை.

நீங்கள் கவனிக்க வேண்டியது

மீன் ஒவ்வாமை இருக்கா? அப்படின்னா, "புரதம் சிறு துண்டாகிவிட்டதே" என்று நம்பி மீன் பெப்டைட் சாப்பிடாதீங்க. ஒவ்வாமை அப்போதும் வரலாம். முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சைவம் சாப்பிடுபவர்களும் கொலாஜன் பொருள்களின் லேபிளைப் படிப்பது நல்லது.

கடலில் கூடுதலாக ஒரு மீன்கூடப் பிடிக்காமல், ஏற்கெனவே பிடித்த மீனிலிருந்தே அதிக உணவு பெற முடியும். அதற்கு, வெட்டும் மேசையில் ஒதுக்கப்படும் தலையையும் எலும்பையும் அந்த நிமிடத்திலிருந்தே உணவாக மதித்துப் பாதுகாக்க வேண்டும்.