மூச்சுக் காற்று விரல் நுனிக்குப் போய்ச் சேருவது எப்படி?

கொரோனா காலத்தில் நம்மில் பலரது வீட்டுக்கு ஒரு சிறு கருவி வந்து சேர்ந்தது. விரலில் மாட்டினால் 98, 97 என்று எண் காட்டும் ஆக்சிமீட்டர்தான் அது. மூச்சை இழுப்பது மூக்கால், அளவைப் பார்ப்பதோ விரலில். இடையில் என்ன நடக்கிறது?

நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை அடைகிறது. அவற்றைச் சுற்றி, தலைமுடியை விட மெல்லிய தந்துகிகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. ஆக்சிஜன் அந்தச் சுவரைக் கடந்து, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஏறிக்கொள்கிறது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் 4 இருக்கைகள். ஆக்சிமீட்டர் 98 காட்டினால், தமனி இரத்தத்தில் 100 இருக்கைகளுக்கு 98 நிரம்பியிருப்பதாகப் பொருள். இரத்த சோகை உள்ளவருக்கும் 98 காட்டும். ஆனால் அவரிடம் வண்டிகளே குறைவு.

ஆக்சிஜன் ஏறிய இரத்தம் இதயத்தின் இடது பக்கம் வந்து, பெருந்தமனி வழியே உடலெங்கும் செல்கிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர்! தமனிகள் கிளை பிரிந்து தந்துகிகளாகும் இடத்தில் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். அங்கே ஆக்சிஜன் இறங்குகிறது. கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. பிறகு சிரைகள் வழியே இதயத்தின் வலது பக்கத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் திரும்புகிறது. பாடநூல்களில் சிரைக்கு நீல வண்ணம் தீட்டுவார்கள். உண்மையில் அந்த இரத்தம் கருஞ்சிவப்புதான்.

வலது பக்க இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கம் வருகிறது என்பது நெடுங்காலம் தெரியாதிருந்தது. இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் கசிகிறது என்றார் கிரேக்க மருத்துவர் கேலன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடமாக இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் கற்று, கெய்ரோவில் பணியாற்றிய இப்னு நஃபீஸ் அதை மறுத்தார். இப்னு சீனாவின் 'கானூன்' நூலின் உடற்கூறு பகுதிக்கு எழுதிய விளக்கவுரையில், அந்தச் சுவர் கெட்டியானது, துளையே இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றுடன் கலந்தே இடது பக்கம் வருகிறது என எழுதினார். இரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருவதை விளக்கியது 1628இல் வில்லியம் ஹார்வி; அந்தப் பெருமை அவருக்கே உரியது. ஆனால் இப்னு நஃபீஸின் கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்தில் கிடந்ததை, முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர் 1924இல் வெளிக்கொணரும் வரை நவீன மருத்துவ உலகம் அவரை அறியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி மூட்டிப் படுப்பவர்கள் மலைப் பகுதிகளிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். இதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. சாதாரண ஆக்சிமீட்டர் இதை ஆக்சிஜன் என்றே எண்ணி, சரியான அளவு காட்டி ஏமாற்றிவிடும். அத்தகைய அறையில் தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் எண்ணைப் பார்த்துக் கொண்டிராமல், எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.